செட்டித் தெருவும் கிட்டங்கி வாழ்வும்

பிறந்த ஊரை விட்டுப் பிறநாட்டு நகரொன்றிற் புதியனாய்ப் புகுவானுக்கு முதற்கண் வேண்டுவது யாது? பொருளென்பர் சிலர், கல்வியென்பர் சிலர், துணிவென்பர் வேறு சிலர். இம்மூன்றும் உடையராய்ச் சென்றும் உள்ளம் நிலைகொள்ளாது வருந்துவாரை நாம் இன்று காண்கின்றோம். எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் சென்ற ஆண்டு சிங்கப்பூருக்குப் பணிமேற் சென்றான். தக்க ஊதியமும், உயர்ந்த மாடியொன்றில் நல்ல அறையும் அவனுக்கு வாய்த்தன. எனினும், வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பின் மறுநாட் காலை வரை எவரோடும் ஒரு சொல்லும் பேசாத நாட்கள் பலவென்று அவன் எமக்கு எழுதியிருந்தான். அதே நகரில் நம் முன்னோர் எங்ஙனம் புதியராய்ப் புகுந்து வாழ்ந்தனர் என்பதனைச் சிறிது ஆராய்ந்து எழுதல் வேண்டுமென்னும் எண்ணம் அம்மடலைக் கண்ட அன்றே எமக்கு எழுந்தது.

அயலார் வந்து உறைதல் தமிழ்நாட்டுத் துறைமுகங்கட்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்து மருவூர்ப்பாக்கத்தில் யவனரும், வேறு பல மொழி பேசும் கடல் வணிகரும் அண்டை அயலாராய் இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். அப்பட்டினமே தம் பழம்பதியென நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அன்று பிறர் நம் துறையிற் புதியராய் நின்றனர். பிற்காலத்தே நாம் பிறர் துறையிற் புதியராய் நின்றோம்.

ஆங்கிலேயர் 1819-ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் வாணிகத்தளம் அமைத்தனர். அவ்வாண்டிலேயே பினாங்கிலிருந்து ராபிள்ஸ் துரையுடன் வந்த நாராயண பிள்ளை என்பார் செங்கற்சூளை வைத்தும், பின்னர்த் துணிக்கடை நடத்தியும் வாழ்ந்தார். 1822-இல் அக்கடை தீக்கிரையாயிற்று. எனினும் அவர் தளராது மீண்டெழுந்து, 1827-இல் அந்நகரில் மாரியம்மன் கோயில் அமைதற்குக் காரணராயினார். நகரத்தார் அங்கே கடைவைக்கத் தொடங்கியதும் அப்பத்தாண்டிலேயே ஆகும். நாகப்பட்டினத்திலிருந்து பாய்க்கப்பலிற் புறப்பட்டுப் பினாங்கு வழியாக அவர் சென்றனர். நீராவிக் கப்பல்கள் வந்தபின் அப்பயணம் எளிதாயிற்று. 1926-இல் கடலிற் புகுந்து ஏறத்தாழ அரைநூற்றாண்டு அவ்வழியே ஓடிய ரஜூலா என்னுங் கப்பலின் பெயர் இன்றும் நம் முதியோர் நாவில் உளது.

சிங்கப்பூரில் அவர் தங்கிய இடம் மார்க்கெட் தெரு. தமிழர் அதனைச் செட்டித் தெருவென்றே வழங்கினர். அத்தெருவிலிருந்த நீண்ட மாடிக் கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். பண்டம் வைக்கும் இடமாகிய கிடங்கு என்னுஞ் சொல்லோடு இது தொடர்புடையது. மலாய்மொழியில் உள்ள கூடாங் என்பதும், ஆங்கிலேயர் வழங்கும் கோடவுன் என்பதும் இச்சொற்குடும்பத்தைச் சேர்ந்தனவே என்று அறிஞர் கருதுவர். பண்டத்துக்கு அமைந்த பெயர் மனிதர் வாழும் மனைக்கு ஆயிற்று.

கிட்டங்கியின் அமைப்பை அறிந்தாலன்றி அவ்வாழ்வின் இயல்பு விளங்காது. வாயிலில் அஞ்சடி, அஃதாவது, வெயிலும் மழையும் படாது மக்கள் நடந்து செல்லுதற்காகக் கடைமுகப்பில் ஐந்தடி அகலம் விடப்பட்ட கூரையுடைய நடைவழி. உள்ளே ஒரு நீண்ட கூடம். கூடத்தின் இருமருங்கும் ஒவ்வொரு கடைக்கும் சிறிதளவு இடமே உரியது. அவ்விடத்தில் ஒரு பாய், தாழ்ந்த கணக்குப் பெட்டி, பேரேடுகள் வைக்கும் அலமாரி, இரும்புப் பெட்டகம் ஆகிய இவையே ஒரு கடை. பகலெல்லாம் அங்கே சம்மணமிட்டிருந்து வரவுசெலவு பார்ப்பர். இரவில் அவ்விடத்திலேயே பாய் விரித்து உறங்குவர். பின்கட்டில் அடுக்களை. கடையினர் சேர்ந்து சமையலாளை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு, ஒருங்கே அமர்ந்து உண்பர்.

இங்கே நேயர்கள் ஒன்றனைக் கருதிப் பார்த்தல் வேண்டும். நம் ஊர் வளவில் கூரை ஒன்று, அடுப்போ பல. மணமான மகனை வேறு வைத்து, அவனுக்கென உலையும் அரிசியும் தனியே அளந்து கொடுப்பது நம் வழக்கம். கிட்டங்கியிலோ கணக்குகள் பல, அடுப்பு ஒன்று. ஒருவர் கடைக்கும் மற்றொருவர் கடைக்கும் வட்டியில் போட்டியுண்டு. கொடுத்த கடன் வருமோ வாராதோ என்னும் கவலை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே உண்டு. எனினும் இலைமுன் அமரும்போது அனைவரும் ஒரு வீட்டினர். ஊரில் தனித்திருக்கக் கற்றவர் கடல் கடந்தபின் கூடியிருக்கக் கற்றனர்.

அங்கே முதன்முறை செல்லுவோர் பலர் மீசை அரும்பாப் பருவத்தினர். பெட்டியடிப் பையன் என்பது அவர்க்குப் பெயர். பெட்டியைத் துடைத்தலும், கடிதங்களைப் படியெடுத்தலும், வசூலுக்குச் செல்வார் பின்னே ஏடு சுமந்து போதலும் அவர் தொழில். பின்னர் அடுத்தாள் ஆகி, அதன்பின் கடைப்பொறுப்பு முழுதும் ஏற்கும் மேலாள் ஆவர். பையன் செய்த பிழையைத் திருத்துதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. கைக்கெட்டும் தூரத்திலேயே அடுத்தாள் இருந்தார். காய்ச்சல் கண்டு கிடந்தாற் கஞ்சி கொடுப்பாரும், ஊர்க்கடிதம் வாராது வாடினால் தேற்றுவாரும் அக்கூடத்திலேயே இருந்தனர்.

மொழியையும் அவர் அங்ஙனமே கற்றனர். கடன் கொள்ள வருவோருட் சீனர் உண்டு, மலாயர் உண்டு, நம் நாட்டுத் தொழிலாளரும் உண்டு. இவரனைவர்க்கும் பொதுவாய் நின்றது கடைத்தெரு மலாய். புதிதாய்ச் சென்ற பையன் அம்மொழியைக் கேட்டு முதலில் மருண்டிருப்பான். ஆயினும் சில நாளில் ஒரு வியப்பு அவனுக்குக் காத்திருந்தது. மலாயர் கடையைக் கெடை என்றனர். பெட்டியைப் பெத்தி என்றனர். கப்பலைக் கப்பால் என்றனர். வாணிகத்துக்கு இடும் முதலை மோடால் என்றனர். இவையெல்லாம் அவனுக்கு முன்னே பல நூற்றாண்டுகளாகச் சென்ற தமிழ் வணிகர் அந்நாட்டில் விட்டுவந்த சொற்கள். தான் முதல்வனல்லன் என்பதை அறிவதினும் புதியவனுக்கு ஆறுதல் வேறில்லை. நாமும் வெறுங்கையோடு திரும்பினோமல்லோம். கிண்ணத்தைக் குறிக்கும் மங்கோக் என்னும் மலாய்ச்சொல் நம் வீடுகளில் மங்குச் சாமானாய் வந்து அமர்ந்திருக்கின்றது.

கோயில் இல்லா ஊரிற் குடியிருத்தல் வேண்டா என்பது நம்மவர் கொள்கை. குளக்கரையில் அரசமரத்தடியில் வேலை நிறுவி வணங்கிவந்த இடத்தில், 1859-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் தண்டாயுதபாணி கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அக்குளத்தின் பெயராலேயே அச்சாலை இன்றும் டேங்க் ரோடு என வழங்கும். பழைய கட்டடம் பின்னர்ப் புதுக்கப்பட்டு 1983-இல் இன்றைய வடிவு பெற்றது. தைப்பூசத்தில் வெள்ளி இரதம் புறப்படும்போது சீனரும் மலாயரும் வழியில் நின்று காண்பர். அவ்வொரு விழாவில், நகரம் நம்மவரை அயலாராய்க் காணாது தன்னவராய்க் கண்டது எனலாம்.

இதுகாறும் கூறியன கிட்டங்கி வாழ்வின் ஒளிமிக்க பக்கம். மற்றொரு பக்கத்தை மறைத்தெழுதுதல் வரலாறு ஆகாது. மேலாள் ஒருவர் ஒரு கணக்குக்குச் செல்வதென்றால் மூன்றாண்டு. அம்மூன்றாண்டும் மனைவியும் மக்களும் ஊரிலேயே இருப்பர். கிட்டங்கியில் ஆடவர்க்கே இடம் இருந்தது. ஐயா அவர்கள் 1939-இல் ஒரு கணக்குக்குச் சென்றபோது எம் அத்தை ஒரு வயதுக் குழந்தை. 1942-இல் அவர் திரும்பியிருத்தல் வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசப்பட்டது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது. வாழைமரம் பொறித்த ஜப்பானிய நோட்டுகள் 1945-இல் செல்லாக் காகிதமாயின. ஐயா 1946-இல் வந்து சேர்ந்தார். மூன்றாண்டு ஏழாண்டாயிற்று.

அந்த ஏழாண்டினைப் பற்றி எம் அப்பத்தா ஒருமுறையேனும் குறைபட்டுக்கொண்டதை யாம் கேட்டதில்லை. ஆனால் ஒன்று சொல்லுவார். எட்டு வயதான எம் அத்தை, முகப்பில் வந்து நின்றவரை அப்பச்சி என்றழைக்க நாணி, பல நாள் ‘அவுக’ என்றே சொல்லி வந்தாராம். ஐயாவும் எந்த நேரத்தில் உண்பது, எவ்விடத்தில் அமர்வது என்று அறியாதவராய், பழக்கத்தால் முகப்பிலேயே பாய் விரித்து உறங்கினாராம். செட்டித் தெருவிற் பழகியவராய் வாழ்ந்தவர் தம் வளவிற் புதியராய் நின்றார். சிறுவராயிருந்தபோது இதனைக் கேட்டு யாம் நகைத்ததுண்டு. இன்று நகைக்க இயலவில்லை. கிட்டங்கி எனும் கூரை ஆடவரைத் தாங்கிற்று. அவர் இல்லாத வீட்டைத் தாங்கினவர் பெண்டிர். நம் வரலாற்றை எழுதுவோர் முன்னதை எழுதிப் பின்னதை விட்டுவிடுகின்றனர்.

வேறொரு குறையும் உண்டு. கிட்டங்கி புதியவனுக்கு நிழல் கொடுத்தது. அந்நிழலே வேலியும் ஆயிற்று. கடன் கொள்ள வந்த சீனரின் கைந்நாணயத்தை நம்மவர் நன்கறிந்தனர். அவர் வீட்டுத் திருமணத்தையோ துயரத்தையோ அறிந்தார் சிலரே. கணக்கு முடிந்தவுடன் ஊர் திரும்புவோம் என்னும் எண்ணம் உள்ளளவும், எந்நகரும் ஒருவனுக்குத் தன் ஊர் ஆவதில்லை.

மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970-களில் நகரப் புதுக்கத்தின் பொருட்டு இடிக்கப்பட்டன. இன்று அங்கே வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. அம்மாளிகைகளுள் நம் பிள்ளைகள் பணிபுரிதலுங் கூடும். அவர்க்கு மனைவி மக்களை உடனழைத்துச் செல்லும் உரிமை பெரும்பாலும் உண்டு; நாடோறும் ஊரோடு முகம்பார்த்துப் பேசும் கருவியும் உண்டு. ஐயாவுக்கு வாய்க்காத நலங்கள் இவை. ஆயினும் பக்கத்துப் பாயில் ஒருவர் உறங்குகின்றார் என்னும் ஆறுதல் எம் மாணாக்கனுக்கு வாய்க்கவில்லை.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் இரண்டு. வெளிநாட்டு நகரங்களில் முன்னரே குடியமர்ந்த நம் குடும்பங்கள், புதிதாய் வருவோரைத் திங்களுக்கு ஒருமுறையேனும் தம் இல்லத்துக்கு அழைத்து உடனிருந்து உண்ணுதல் வேண்டும். அப்பந்தியில் அந்நாட்டு நண்பர் ஒருவர்க்கும் ஓர் இலை இடுதல் வேண்டும். இஃது ஒன்று. கிட்டங்கிக் காலத்துப் பேரேடுகளும் கடிதங்களும் எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின் அவற்றைக் கரையானுக்கு விடாது காத்தலும், அக்காலத்தை ஊரிலிருந்து கழித்த ஆச்சிமார் எவரேனும் இன்னும் நம்மிடையே இருப்பின் அவர் சொல்லைக் கேட்டு எழுதி வைத்தலும் மற்றொன்று. எம் மாணாக்கனுக்கு மறுமொழி எழுதினோம். தைப்பூசத்துக்கு டேங்க் ரோட்டுக்குச் செல்லுமாறும், அடுத்த அறையில் இருப்பவர் பெயரை அதற்கு முன்னரே கேட்டறியுமாறும் அதிற் குறித்தோம்.