முதுமையிற் புதுக்குடி
இசைப்புலவர் பார்டோக்கின் இறுதி ஐந்து ஆண்டுகள்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் நாட்டுப் பழமொழி. இளமையிற் பழகாத வழக்கம் முதுமையில் எளிதாகக் கைகூடாது என்பது அதன் கருத்து. ஆயினும் உலக நடையை நோக்குமிடத்து, ஐம்பது கடந்த பின்னரே வளைய நேர்ந்தோர் பலராவர். போரினாலும், அரசியல் மாறுதலினாலும், பொருள் முடையினாலும், பிள்ளைகள் தொலைதேயத்திற் குடியேறினமையாலும், தாம் கட்டிய வீட்டையும் பழகிய தெருவையும் விட்டு, மொழியும் உணவும் தட்பவெப்பமும் வேறாகிய ஓர் ஊரில், அடுக்குமாடியின் ஒரு சிறு மனைக்குள் வாழ்க்கையை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவோர் எக்காலத்தும் உளர். அத்தகையோர்க்கு வேண்டும் உதவி யாது, அதனை எம்முறையிற் செய்தல் தகும் என்பவற்றை ஆராய்வதற்கு, ஹங்கேரி தேயத்து இசைப்புலவர் பேலா பார்டோக் என்பாரின் இறுதிக்கால வரலாறு பெரிதும் பயன்படும். அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைப்பேன்.

பார்டோக் 1881-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் பிறந்தவர். ஏழாம் வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளி ஆசிரியையாகிய தாயார் பவுலா அம்மையார், ஊர் ஊராகப் பணி மாறிச் சென்று, பொருட்குறையிடையே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். மகனுக்குப் பியானோ வாசிக்கக் கற்றுக் கொடுத்த முதல் ஆசிரியரும் அவரே. 1907-இல் பார்டோக் புடாபெஸ்டு நகரத்து இசைக் கல்லூரியிற் பேராசிரியரானார். அதற்குச் சற்று முன்னரே, ஸோல்டான் கோடாய் என்னும் நண்பரும் தாமுமாகச் சிற்றூர்தோறும் நடந்து, உழவரும் அவர் வீட்டுப் பெண்டிரும் பாடும் பாடல்களை மெழுகு உருளையிற் பதிவு செய்யும் பணியை மேற்கொண்டிருந்தார். ஹங்கேரியர் பாடல்களோடு ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாடல்களையும் ஆயிரக்கணக்கிற் சேர்த்தார். 1913-இல் அல்ஜீரியாவிற்கும், 1936-இல் துருக்கிக்கும் சென்று ஆங்குள்ளார் பாடல்களையும் பதிந்தார். பாட்டில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாட்டை அவர் கண்டாரல்லர்.

1938-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. பார்டோக்கின் நூல்களை வெளியிட்டு வந்த பதிப்பகமும், இசையாசிரியர்க்கு உரிய ஊதியத்தைத் திரட்டித் தரும் சங்கமும் வியன்னாவில் இருந்தமையின், இரண்டும் நாஜிகள் கைப்பட்டன. அடுத்த மாதத்தில் அச்சங்கம் அவருக்கு ஒரு வினாப்படிவம் அனுப்பியது. பாட்டன்மார் யாவர், ஜெர்மானிய இரத்தமா, அதனோடு உறவுடைய இனமா, ஆரியரல்லாதவரா என்று அப்படிவம் வினவிற்று. தம் வமிசத்தைப் பற்றி அஞ்சவேண்டிய காரணம் பார்டோக்குக்கு யாதும் இல்லை. நான்கு வரி எழுதி அனுப்பியிருப்பின் ஊதியம் தடையின்றி வந்திருக்கும். ஆயினும் அவரும் கோடாயும் அதனை நிரப்ப மறுத்தனர். அத்தகைய வினாக்கள் முறையற்றவை என்பது அவர் கொண்ட கருத்து. பின்னர் அச்சங்கத்தையும் பதிப்பகத்தையும் விட்டு, இலண்டன் மாநகரத்தாரோடு தொடர்பு கொண்டார்.

அக்காலத்தில் ஸ்விட்சர்லாந்திலுள்ள ஒரு நண்பருக்கு அவர் வரைந்த கடிதம், முதுமையிற் புலம் பெயர எண்ணுவார் யாவர்க்கும் உரிய மனநிலையைக் காட்டுகின்றது. ஐம்பத்தெட்டை நெருங்கும் பருவத்தில் அயல்நாடு சென்று, கற்பித்தல் முதலிய ஊழியத்தை அடியிலிருந்து தொடங்குதல் எத்துணை அரிது என்று அவர் அதிற் கவன்றார். மூதாட்டியாகிய தாயை அவர்தம் கடைசி ஆண்டுகளிற் கைவிட்டுச் செல்லுதல் இயலாது என்றும் எழுதினார். அத்தாயார் 1939-ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்கை எய்தினார். அதன் பின்னரே அவர் பயணத்துக்குத் துணிந்தார்.

1940-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் ஓர் உயில் எழுதினார். புடாபெஸ்டில் ஹிட்லர், முசோலினி என்பார் பெயர் தாங்கிய சதுக்கங்கள் உள்ளவரையில், தம் பெயரை எத்தெருவுக்கும் இடலாகாது என்பது அதிற் கண்ட விருப்பம். 8-ஆம் நாள் விடைபெறும் கச்சேரி நிகழ்ந்தது. சில நாளில் அவரும் மனைவியார் டிட்டாவும் இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின் வழியாக லிஸ்பன் துறைமுகம் அடைந்து கப்பலேறி, அம்மாத இறுதியில் நியூயார்க்கில் இறங்கினர். அப்பொழுது அவருக்கு வயது 59. பெட்டிகள் வழியிலேயே தங்கிவிட்டன. அவை வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. கொலம்பியா பல்கலைக் கழகம் நவம்பர் 25-ஆம் நாள் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. எனினும் பட்டம் வேறு, பிழைப்பு வேறு என்பதை அவர் விரைவில் உணர நேர்ந்தது.

டிசம்பர் மாதத்தில் இருவரும் நகரின் புறத்தே பாரஸ்டு ஹில்ஸ் என்னும் பகுதியில், தட்டுமுட்டுச் சாமான்களோடு வாடகைக்குக் கிடைத்த ஒரு மனையிற் குடிபுகுந்தனர். உலகின் பல மொழிகளையும் ஆராய்ந்த பெரும்புலவர், மின்விசை, வாயு அடுப்பு, தகரப்பெட்டி திறக்கும் கருவி முதலியவற்றின் பயன்பாட்டை ஒரு சிறுவனைப்போலக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வாசலுக்கெதிரே சுரங்க ரயில் நிலையம். 5 சென்டு கொடுத்தால் இருபது நிமிடத்தில் நகரின் நடுவே சேரலாம். ஆனால் ஒரு நாள் இருவரும் அச்சுரங்கப் பாதையில் வழிதவறி, மூன்று மணி நேரம் மண்ணுக்கடியிலேயே உழன்று, போன காரியம் முடியாமல், வெளியுலகைக் காணாமலே நாணத்துடன் வீடு திரும்பினர். இதனை அவர் தம் மக்களுக்கு நகைச்சுவை தோன்ற எழுதியிருக்கின்றார். நகைக்கத்தக்கதாகாத துன்பமும் ஒன்று இருந்தது. வலப்பக்கத்து வீட்டிலும் இடப்பக்கத்து வீட்டிலும் பியானோ ஒலியும் வானொலியும் ஓய்வதில்லை. ரயில் ஓடுந்தோறும் சுவர் நடுங்கும். நுண்ணிய ஓசைகளைப் பிரித்தறிவதே தொழிலாகக் கொண்டவர்க்கு இதனினும் கொடிது யாது? 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில், சற்றே அமைதியுள்ள ரிவர்டேல் பகுதிக்கு மாறினர்.

வருவாய்க்கு அவர் பெரிதும் நம்பியது கச்சேரிகளையே. அவருடைய இசை அக்காலத்து அமெரிக்கர் செவிக்குக் கரடுமுரடாகத் தோன்றியமையின், அழைப்புகள் நாளடைவிற் குன்றின. சாகித்தியம் இயற்றும் கலையைக் கற்பிக்குமாறு சிலர் வேண்டினர். அக்கலையை ஒருவர் மற்றொருவர்க்குக் கற்பித்தல் இயலாது என்பது அவர் வாழ்நாள் முழுதும் கொண்ட கொள்கையாதலின், இசையவில்லை. நண்பர் பொருள் தர முன்வந்தாலும் ஏற்பவரல்லர். இத்தகைய மானமுடையார்க்கு உதவுதல் எங்ஙனம்?

கொலம்பியா பல்கலைக் கழகத்தார் ஒரு வழி கண்டனர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்து அறிஞர் மில்மன் பாரி என்பார், 1930-களில் யூகோஸ்லாவியச் சிற்றூர்களிற் பாடப்பட்ட பாடல்களை ஆயிரக்கணக்கான அலுமினியத் தட்டுக்களிற் பதிந்து வைத்து, 1935-இல் மறைந்தார். அவற்றைக் கேட்டு, இசைக் குறியீட்டில் வரைவதற்கு உலகில் தக்கவர் மிகச் சிலரே. அப்பணியைப் பார்டோக்கிடம் ஒப்புவித்து, டிட்சன் நிதியிலிருந்து ஊதியம் அளித்தனர். அவர் ஒவ்வொரு பாடலையும் குரலின் சிறு நடுக்கமும் விடாமற் கேட்டுக் கேட்டு எழுதினார். அவ்வாராய்ச்சி 1951-இல் நூலாக வெளிவந்தது.

இவ்வுதவியின் இயல்பை நம் அன்பர்கள் உற்று நோக்குதல் வேண்டும். கொடுத்தார்க்கும் கொண்டார்க்கும் இடையே இரவலர், புரவலர் என்னும் உறவு நிகழவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் எத்தொழிலில் தேர்ந்தவரோ அத்தொழிலையே அயல்நாட்டிலும் அவர் கையிற் கொடுத்தனர். மொழி புதிது, வீடு புதிது, தெரு புதிது. காலையில் எழுந்து செய்யும் பணி மட்டும் பழையது. புதிய மண்ணில் நடப்பட்ட முதுமரத்தைத் தாய்மண் ஒரு பிடி வேரோடு ஒட்டிவந்து காத்தது போல, அப்பணி அவரைக் காத்தது எனலாம்.

1942-ஆம் ஆண்டின் முடிவில் அந்நிதியும் ஓய்ந்தது. 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்திற் சொற்பொழிவு நிகழ்த்தி வருகையில், நோய் முற்றி இடையிலேயே தளர்ந்து வீழ்ந்தார். உடல் எடை 87 இராத்தலாகக் குறைந்தது. இரத்தத்தைப் பற்றிய கொடிய நோய் அது. மருத்துவச் செலவுக்கு அவரிடம் வழியில்லை. அப்பொழுது அமெரிக்க இசையாசிரியர், பாடலாசிரியர், பதிப்பாளர் சங்கத்தார் அச்செலவை ஏற்றனர். மருத்துவமனைக்கும், மலைப்பாங்கான சாரநாக் லேக் என்னும் ஊரில் உடல் தேற்றும் விடுதிக்கும் பொருளுதவி செய்தனர். அவர் அச்சங்கத்தின் உறுப்பினரல்லர் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. உறுப்பினராய் இருந்த வியன்னாச் சங்கம் அவர் பாட்டனார் யார் என்று வினவிற்று. உறுப்பினரல்லாத அமெரிக்கச் சங்கம் அவர் நோய் யாது என்று வினவிற்று. இவ்விரு வினாக்களிடையே உள்ள தூரம், இரண்டு கண்டங்களிடையே உள்ள கடலினும் பெரிது.

அவ்வாண்டு மே மாதத்தில் மற்றோர் உதவியும் வந்தது. ஹங்கேரி நாட்டினராகிய வயலின் வித்துவான் யோசப் சிகெட்டியும், வாத்தியக்குழுத் தலைவர் பிரிட்ஸ் ரைனரும், பாஸ்டன் நகரத்து வாத்தியக்குழுவின் தலைவர் செர்கே கூஸ்விட்ஸ்கியிடம் பார்டோக்கின் நிலையை எடுத்துரைத்தனர். ரஷியாவினின்றும் புலம் பெயர்ந்து வந்தவராகிய கூஸ்விட்ஸ்கி, காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 1942-இல் ஓர் அறநிதி நிறுவியிருந்தார். அவர் மருத்துவமனைக்கு நேரிற் சென்று, பெருங்குழு முழுவதும் வாசிப்பதற்கு ஓர் இசைநூல் இயற்றித் தருமாறு வேண்டி, 1,000 டாலர் சன்மானம் கூறினார். முடிக்க இயலாத வேலைக்குப் பணம் பெறுவது தகாது என்று நோயாளி தயங்கினார். நிதியின் தீர்மானத்தை மாற்ற வழியில்லை என்று சொல்லி, பாதித் தொகைக்குக் காசோலையை அவரிடம் சேர்ப்பித்துச் சென்றார் கூஸ்விட்ஸ்கி. நண்பர் இருவரும் முயன்று செய்தது இஃது என்பதை அவர் அறியாதவாறு மறைத்தனர்.

விளைவு யாது? படுக்கையிற் கிடந்தவர் சாரநாக் லேக்கில் எழுந்தமர்ந்து, ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கி அக்டோபர் 8-ஆம் நாள் அந்நூலை முடித்தார். மூன்றாண்டுக்கு முன் அதே நாளில்தான் அவர் புடாபெஸ்டில் விடைபெறும் கச்சேரி நிகழ்த்தினார். 1944-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அவ்விசை பாஸ்டனில் அரங்கேறிய போது அவரும் உடனிருந்து கேட்டார். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த வாத்தியக்குழு இசைநூல்களில் மிகப் பெரிதும் வாசிக்கப்படுவனவற்றுள் அஃது ஒன்று. யெஹூதி மெனுஹின் வேண்டியதற்கிணங்கி, தனி வயலினுக்கு ஒரு நூலும் அக்காலத்தில் இயற்றினார்.

இறுதியாக அவர் வாழ்ந்தது நியூயார்க்கு 57-ஆம் தெருவின் மேற்குப் பகுதியில் ஒரு சிறு குடியிருப்பு. அங்கே படுக்கையைச் சுற்றிக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, தம் மனைவி வாசிப்பதற்குரிய பியானோ நூல் ஒன்றை எழுதி வந்தார். பொருள் விட்டுச் செல்ல இயலாதவர், மனைவிக்கு விட்டுச்செல்லக் கருதிய சொத்து அதுவே. கடைசிப் பதினேழு அளவுகளுக்கு வாத்தியப் பகிர்வு செய்தல் மட்டும் எஞ்சியிருந்தது. 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், தம் 64-ஆம் வயதில், மருத்துவமனையில் உயிர் நீத்தார். மூட்டை நிறைந்திருக்கையிற் புறப்பட நேர்ந்ததே என்று இறுதி நாட்களில் மருத்துவரிடம் வருந்தியதாகக் கூறுவர். எஞ்சிய பகுதியை டிபோர் செர்லி என்னும் நண்பர் நிறைவு செய்தார். டிட்டா அம்மையார் ஹங்கேரிக்குத் திரும்பினார். பிற்காலத்தில் அந்நூலைத் தாமே வாசித்து இசைத்தட்டிலும் பதிவித்தார். பார்டோக்கின் எச்சங்கள் 1988-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் புடாபெஸ்டில் அடக்கம் செய்யப்பட்டன.

அவர் அமெரிக்காவில் பட்டினியால் மாண்டார் எனச் சிலர் கூறுவதுண்டு, அது மிகையாகும். முடை இருந்தது, நிலையின்மை இருந்தது, ஆதரவும் இருந்தது. அவ்வாதரவிற் சிறந்தது, அவர் மானம் குன்றாதவாறு தொழிலாகவும் சன்மானமாகவும் உருமாறி வந்ததேயாகும்.

இக்காலத்தில் நம்மவருள்ளும் பலர் முதிய பருவத்திற் பிள்ளைகளை நாடிக் கடல் கடந்து செல்கின்றனர்; பத்தாம் மாடியின் பலகணி வழியே அறியாத ஊரைப் பார்த்துப் பொழுது போக்குகின்றனர். அவர்க்கு உணவும் உடையும் குறைவறக் கொடுக்கும் மக்கள், அவர் கைக்கு ஒரு வேலையையும் கொடுத்தனரா என்று எண்ணிப் பார்த்தல் நலம். கணக்கெழுதிய கைக்குக் கணக்கும், கற்பித்த நாவுக்கு மாணவரும், சமைத்த கைக்கு அடுப்பும் உரியவாகும். அவ்வாறே, புதிதாக வந்து வாழத் தொடங்குவார் ஒருவர் சங்கத்தின் வாயிலில் நிற்குங்கால், அவர் யார் வீட்டார் என்னும் வினாவுக்கு முன், அவர்க்கு வேண்டுவது யாது, அவர் வல்லது யாது என்னும் இரண்டு வினாக்களும் நம் நாவில் எழுமாயின், சங்கம் என்னும் சொல் பொருளுடையதாகும்.