முத்கல் விவகாரம் (1951)

எச். ஜி. முத்கல், பம்பாயைச் சேர்ந்த காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினர். அவையில் தன் பதவியைப் பயன்படுத்தி வியாபாரிகளுக்காக வேலை செய்து பணம் பெற்றார் என்று 1951இல் கண்டறியப்பட்டு, வெளியேற்றத் தகுந்தவர் என நாடாளுமன்றமே தீர்மானித்தது. முதல் பொதுத் தேர்தல்கூட முடியாத காலம் அது.

1899இல் பிறந்த முத்கல் இளமையிலேயே கடல் கடந்தவர். நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்து, கறுப்பின மக்களின் தலைவர் மார்கஸ் கார்வி தொடங்கிய 'நீக்ரோ வேர்ல்டு' இதழுக்கு 1930களின் தொடக்கத்தில் ஆசிரியராக இருந்தார். ஒடுக்கப்பட்டோரின் குரலாக எழுதிய ஒருவர் இப்படிச் சறுக்கியது வருந்தத்தக்கது.

பம்பாயின் தங்கம், வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காக அவர் ஆதரவு திரட்டினார். முன்பேர ஒப்பந்த ஒழுங்குமுறை மசோதாவில் திருத்தங்கள் கொண்டுவர முனைந்தார். முத்திரைத் தீர்வை குறித்தும் அவையில் அவர்கள் பக்கம் நின்றார். கைமாறியதாகத் தெரியவந்த தொகை 2,700 ரூபாய். தொகை சிறியது என்பதால் குற்றம் சிறியதாகிவிடாது. அதே தலைமுறையில், மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் 1952இல் மக்களவைக்குப் போனார். 1957 முதல் பத்தாண்டுகள் மாநில அமைச்சராகவும் இருந்தார். அவர் சொத்து என்று எதையும் சேர்க்கவில்லை. எனவே, அந்தக் காலமே அப்படி என்று யாரும் முத்கலுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஜூன் 8 அன்று அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவுக்கு, பின்னாளில் நிதியமைச்சரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைவர், துர்காபாயும் அதில் இருந்தார். நடத்தை அவையின் கண்ணியத்துக்கு இழுக்கு என்றது குழு. செப்டம்பர் 24 அன்று வெளியேற்றத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் நேருவே. தன் கட்சிக்காரர் என்று அவர் மூடி மறைக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் போற்ற வேண்டியது. வாக்கெடுப்புக்கு முன்பே முத்கல் விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அவை விடவில்லை: அவர் வெளியேற்றத்துக்கு உரியவர், கடிதத்தின் வாசகங்களே அவையை அவமதிப்பவை என்று தீர்மானத்தைத் திருத்தி நிறைவேற்றியது.

2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 உறுப்பினர்களை இரு அவைகளும் வெளியேற்றியபோது முத்கல் விவகாரமே முன்னுதாரணமாக நின்றது; 2007இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உறுதிசெய்தது. நீதிமன்றத் தண்டனை வேறு கதை. லஞ்சம் வாங்கி அவையில் வாக்களித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பை, 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ரத்துசெய்தது. பணத்தை ஏற்றபோதே குற்றம் முழுமையாகிறது. அதற்குப்பின் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பது பொருட்டல்ல என்றது அமர்வு.