நந்திதுர்க்: ஒரு சுரங்கமும் ஒரு போர்விதியும்

கோலார் தங்கவயலின் நான்கு பெரும் சுரங்கங்களுள் ஒன்று நந்திதுர்க். அதே பெயருடைய மலைக்கோட்டை வடமேற்கே, இன்றைய சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் உள்ளது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல், கம்பெனிப் படை அதை முற்றுகையிட்டது. மேஜர் கௌடியின் பீரங்கிகள் சுமார் மூன்று வாரங்களில் மதிலை இரண்டிடங்களில் உடைத்தன. அக்டோபர் மாத இரவொன்றில் ஏறுபடை ஆணைக்குக் காத்திருந்தபோது, அங்கே சுரங்கம் இருப்பதாக வீரரிடையே ஒரு முணுமுணுப்புப் பரவியது. இருந்தால் அது தங்கச் சுரங்கமாகத்தான் இருக்கும் என்ற பொருளில் ஜெனரல் மெடோஸ் பதிலளித்ததாகப் போர் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. வீரர் அஞ்சியது வெடிமருந்து நிரப்பிய நிலவறைக்கு; தளபதி அதைக் கொள்ளையாக மாற்றிப் பொருள் கொண்டார்.

ஆங்கிலச் சொல்லின் இந்த இருபொருள் தமிழிலும் அப்படியே உண்டு. ‘சுரங்கம்’ வடமொழியின் ‘சுருங்கா’வோடு தொடர்புடையது. அச்சொல் கிரேக்க ‘சிரிங்ஸ்’ என்பதிலிருந்து வந்தது என்ற கருத்து, அர்த்தசாஸ்திரத்தின் காலம் பற்றிய விவாதத்திலேயே ஒரு சான்றாக முன்வைக்கப்பட்டது. முற்றுகைக் கலையின் சொல்தான் பின்னர் கனிமக் குழிக்கும் வழங்கியது எனலாம்.

சொற்பொருள் அந்த இரவில் வெறும் வேடிக்கையன்று. அக்கால ஐரோப்பிய முற்றுகை வழக்கின்படி, மதிலில் ‘ஏறத்தக்க’ உடைப்பு உண்டாகிச் சரணழைப்பும் விடுக்கப்பட்ட பின் பணியாத காவற்படை, உயிர்ப்பிச்சை கோரும் உரிமையை இழக்கும். இறுதிவரை காத்து நின்றவரைக் கொல்வதை வாட்டெல் 1758-இலேயே கண்டித்திருந்தார், வழக்கு மறையவில்லை. இவ்விதியின் முழுப்பாரமும் ‘தக்க’ என்ற பெயரெச்சத்தின் மேல் நிற்கிறது. எவருக்கு ஏறத்தக்கது? எத்துணை இழப்போடு? பீரங்கிக்குப் பின்னால் இருப்பவனும் மதிலுக்குப் பின்னால் இருப்பவனும் அதை ஒரேபடி வாசிக்க இயலாது, நடுவரும் இல்லை.

நடுவரை அமர்த்தியது பிரஷ்யாவின் மேசைப் போராட்டம். ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ இழப்புகளைப் பகடையாலும் அட்டவணையாலும் கணித்தது. 1876-இல் வெர்தி து வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். அமெரிக்கரான டாட்டனின் ‘ஸ்ட்ராட்டகோஸ்’ (1880) வழியாக அந்த நடுவர் மரபு டேவிட் வெஸ்லியையும் ஆர்னசனையும் எட்டி, 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆயிற்று. அதன் 2014 பதிப்பில் ‘தாக்குதல்’ வேறு, ‘தாக்குதல் என்னும் செயல்’ வேறு. மந்திரத்தால் தாக்குபவர் தாக்குகிறார். ஆயினும் அச்செயலை மேற்கொண்டவராகார். ஆங்கில நூல் இவ்வேறுபாட்டைப் பெரிய எழுத்தாலும் உணர்த்துகிறது. பெரிய எழுத்தே இல்லாத தமிழில் இதைப் பெயர்ப்பவர் இரண்டு சொற்களைத் தேடியே ஆகவேண்டும்.

தேடுவோர்க்குப் புறத்திணை மரபு அயலானதன்று. தொல்காப்பியம் கோட்டையை வளைப்பதையும் காப்பதையும் உழிஞை என்ற ஒரே திணையில் அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை காப்பதைப் பிரித்து நொச்சி என்கிறது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் அவ்வாறே: முன்னதில் இரண்டும் வெட்சி, பின்னதில் மீட்டல் கரந்தை. ஒரு நிகழ்வை ஒரு செயலாக எண்ணுவதா, தாக்குவோன் செயலும் தடுப்போன் எதிர்ச்செயலுமாக இரண்டாக எண்ணுவதா என்பதே இங்கும் வினா. இதை வெறும் வகைப்பாட்டுப் பிணக்கு என்று ஒதுக்குவது பொருந்தாது. நொச்சி தனித்திணை ஆனபோதுதான் மதிலுக்குள் நின்றவனின் வினைக்குத் தனிப்பெயர் வாய்த்தது. நந்திதுர்க்கின் இரவு பற்றி ஆங்கில வரலாறுகள் பெரிதும் உழிஞையாரின் கண்வழியே பேசுகின்றன. அக்டோபர் 19 அன்று கோட்டை வீழ்ந்தது. மெடோஸின் நகைச்சுவை அச்சேறியது. உள்ளிருந்தோர் அந்த உடைப்பை ஏறத்தக்கதெனக் கண்டார்களா என்பதற்கு அவற்றில் இடமில்லை.