அங்கன்வாடியில் பெற்றோருக்கு என்ன உரிமை? யார் கேட்கலாம், எங்கே கேட்கலாம்?

உங்கள் அபார்ட்மென்ட்டில் வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு 3 வயதில் ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். அவர் இங்கே பாத்திரம் கழுவும்போது அந்தக் குழந்தை எங்கே இருக்கும்? யார் சாப்பாடு கொடுப்பாங்க? சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கும் நேரம் ஒத்துவருவதில்லை.

அங்கன்வாடியில் என்னென்ன கிடைக்கும்?

1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு இன்று நாடு முழுக்க சுமார் 14 லட்சம் மையங்கள். சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, தாய்மார்களுக்கான ஊட்டச்சத்து ஆலோசனை என ஆறு சேவைகள்.

2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைக்கு இங்கே இலவச உணவு உரிமை. 3 வயதுக்குக் கீழே என்றால் வீட்டுக்கு எடுத்துப்போகும் ரேஷன். அதற்கு மேல் காலைச் சிற்றுண்டியும் சூடாகச் சமைத்த உணவும்.

முக்கியமான விஷயம்: இதற்கு வறுமைக்கோட்டு அட்டை தேவையில்லை. அதைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது.

பக்கத்தில் மையமே இல்லையென்றால்?

கேட்டு வாங்கலாம். 2006 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இது: ஒரு குடியிருப்பில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கோரிய 3 மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும். கிராமங்களுக்கும் நகரக் குடிசைப் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

அம்மா வேலைக்குப் போனால்?

சிக்கலே இங்கேதான். பெரும்பாலான மையங்கள் சில மணி நேரம்தான் இயங்கும். கூலி வேலையோ நாள் முழுக்க. இந்த இடைவெளிக்காக 2022-ல் வந்ததுதான் 'பால்னா' திட்டம். அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகம், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். ஆனால் எல்லா ஊரிலும் இது இல்லை.

கட்டட வேலை செய்பவர்களுக்கு 1996-லேயே தனிச் சட்டம் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் சைட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு அறை வேண்டும் என்றது. உங்கள் ஆபீஸ் பக்கத்தில் எழும் கட்டடத்தில் மணல் மேட்டில் குழந்தைகள் விளையாடினால், இந்த விதி எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தனியார் எல்கேஜி சாத்தியமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் பிரிவு 12(1)(சி): அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25% இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். பள்ளியில் எல்கேஜி இருந்தால் ஒதுக்கீடு அங்கிருந்தே தொடங்கும். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு விலக்கு. வருமான வரம்பும் வயதுக் கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பெற்றோர் பேச்சுக்கு மதிப்பு உண்டா?

அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் 75% பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பேர் பெண்கள். கல்வி உரிமைச் சட்டமே இதைச் சொல்கிறது. 6 வயதுக்குக் கீழே அந்தப் பலம் கிடையாது. அங்கன்வாடிக்கும் கண்காணிப்புக் குழு உண்டு, அதில் பெற்றோருக்கு இடமும் உண்டு. ஆனால் அது அரசின் வழிகாட்டுதல் மட்டுமே. கர்நாடகாவில் 'பால விகாச சமிதி' என்று இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது.

மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்து, குழந்தை என்ன கற்றது என்று காட்டும் நாளும் திட்டத்தில் இருக்கிறது. அது பகலில் நடந்தால் போவதற்கு ஒரு நாள் கூலி போகும். 'ஏழைப் பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

நீங்கள் என்ன செய்யலாம்?

• உங்களிடம் வேலை செய்பவரிடம், குழந்தை அங்கன்வாடியில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

• பெற்றோர் கூட்டத்துக்கும் தடுப்பூசி நாளுக்கும் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள்.

• 25% ஒதுக்கீட்டு விண்ணப்பம் பல மாநிலங்களில் ஆன்லைனில்தான். கடைசித் தேதியைப் பார்த்துச் சொல்வதும், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றித் தருவதும் உங்களுக்கு அரை மணி நேர வேலை. அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு பள்ளி சீட்.

• 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத பகுதியா? பெற்றோர் கையெழுத்தோடு மனு எழுத உதவுங்கள். தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மறக்காமல் வாங்குங்கள். அந்த 3 மாதக் கெடு, மனு கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும்.