கோல்ஃப் மைதானப் புல்தரையைக் குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்தல்

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் கோல்ஃப் மைதானங்கள் ஆண்டில் பல மாதங்கள் பனிக்கடியில் கிடக்கின்றன. பனி விலகும்போது புல் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக இலையுதிர்காலத்தில் அங்கே தொடர்ச்சியாகப் பல வேலைகள் நடக்கும். மைதானம் முழுவதற்கும் கவனிப்பு உண்டு என்றாலும், பாடுபடுவதெல்லாம் பெரும்பாலும் கிரீன்களுக்காகத்தான். குழிக்குள் பந்தை உருட்டும் அந்தத் தரையில் புல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது. அவ்வளவு ஒட்ட வெட்டிய புல்லில் உணவு சேமிக்க இலையும் குறைவு, வேரும் குறைவு.

வடக்கத்திக் கிரீன்களில் இரண்டு புற்கள் முக்கியம். ஒன்று, விரும்பி விதைக்கப்படும் கிரீப்பிங் பென்ட்கிராஸ். மற்றது போவா அன்னுவா. பெரும்பாலும் யாரும் விதைக்காமல் தானே நுழைந்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் கிரீனையே பிடித்துக்கொள்வது. பென்ட்கிராஸ் கடுங்குளிரைத் தாங்கும். போவாவுக்கு அந்த வலு கிடையாது. குளிர்கால இழப்புகளில் பெரும்பகுதி போவா மிகுந்த பழைய கிரீன்களில்தான் நேர்கிறது.

புல்லுக்கும் தன்னைத் தயார்செய்துகொள்ளத் தெரியும். பொழுது சுருங்கி, வெப்பநிலை 0 பாகை செல்சியசை நெருங்கும்போது அது வளர்ச்சியை நிறுத்தி, வேரும் தாளும் கூடும் அடிக்குருத்தில் சர்க்கரையைச் சேர்த்து, அங்குள்ள நீரைக் குறைத்துக்கொள்கிறது. குருத்து பிழைத்தால் இலை முழுதும் கருகினாலும் புல் துளிர்க்கும். இதற்கு வேண்டியது வெயில். கிரீனுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் நிற்கும் மரங்கள் இலையுதிர்காலத்தின் தாழ்ந்த வெயிலை மறைத்துவிடுகின்றன. அவற்றை வெட்டுவதை மன்ற உறுப்பினர்கள் எதிர்ப்பது வழக்கம். ஆனால் பல கிரீன்களுக்கு அதைவிடப் பயனுள்ள மருந்து இல்லை. வெட்டும் உயரத்தைச் செப்டம்பரிலிருந்தே சிறிது சிறிதாக உயர்த்துவதும் சேமிப்புக்கு உதவும். கடைசி நேரத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் புல் இளந்தளிர் விட்டு இளகிப்போகும்.

குளிரைக் காட்டிலும் புல்லைக் கொல்வது தண்ணீர். குளிர்கால இறுதியில் ஓரிரு நாள் வெதுவெதுப்பு வந்தால் பனி உருகித் தாழ்வான இடங்களில் தேங்குகிறது. போவாவின் குருத்து அந்த நீரை உடனே உறிஞ்சிவிடும். மறுநாள் வெப்பநிலை சரிந்தால் உள்ளே உறையும் நீர் திசுவைக் கிழித்துவிடுகிறது. மற்றோர் ஆபத்து, தரையோடு ஒட்டி உறையும் பனிக்கட்டிப் படலம். அதனடியில் காற்று நுழையாமல், மண்ணுயிர்களின் மூச்சில் வெளிவரும் நச்சு வாயுக்கள் அடைபடுகின்றன. போவாவுக்குச் சுமார் 45 நாளிலேயே ஆபத்து தொடங்கிவிடும். பென்ட்கிராஸ் 90 நாள் கடந்தும் தாங்கும். 2013–14 குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றிய பகுதிகளில் ஏராளமான கிரீன்கள் இப்படி அழிந்தன. ஆகவே தண்ணீர் வழிந்தோடப் பாதை அமைப்பதே முதல் பாதுகாப்பு: கிரீனின் விளிம்பில் மேடாகிவிட்ட புல்லைச் சீவுதல், தாழ்வுகளில் வடிகால் வெட்டுதல், மண்ணில் துளையிட்டு மணல் நிரப்புதல்.

பனிப்பூஞ்சணம் வேறு வகைத் தொல்லை. டைஃபுலா என்னும் சாம்பல்நிறப் பூஞ்சைக்கு நீண்டநாள் பனிப்போர்வை வேண்டும். மைக்ரோடோக்கியம் என்னும் இளஞ்சிவப்புப் பூஞ்சை வெறும் குளிர்ந்த ஈரத்திலும் பரவும். பனி விழுந்த பிறகு தெளிக்க வழியில்லை. எனவே நிலையான பனி விழுவதற்குச் சற்று முன்பாக, பெரும்பாலும் அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ, பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள். ஒன்டாரியோ 2009இல் அலங்காரப் புல்வெளிகளில் பூச்சி, பூஞ்சை மருந்துகளைத் தடைசெய்தபோது கோல்ஃப் மைதானங்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளித்தது.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், பாசனக் குழாய்களில் நீர் தங்கினால் அவை வெடிக்கும். கம்ப்ரசரில் காற்றைச் செலுத்தி, தெளிப்பான்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நீர்ச்சாரல் நின்று வெறும் காற்று வரும்வரை ஊதுவார்கள். காற்றின் அளவு மிகுதியாகவும் அழுத்தம் குறைவாகவும் இருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் குழாய் உடையும்; அருகில் நிற்பவருக்கும் காயம் ஏற்படும்.

பின்னர் கிரீன்களின்மேல் கனமாக மணல் தூவப்படும். பனி தங்காத, காற்று வீசும் சமவெளிகளில் குருத்து காய்ந்துபோகாமல் அது காக்கிறது. சில இடங்களில் விரிப்புகளும் போடுவதுண்டு. ஆனால் கசிவில்லாத விரிப்புக்கடியில் காற்றோட்டம் இல்லையென்றால் அதுவே கேடாகும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் நிலைமை வேறு. அங்கே கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது நம் அருகம்புல்லின் கலப்பினங்கள். அவை குளிரில் பழுப்பேறி உறங்கும். கடுங்குளிர் அறிவிக்கப்படும் இரவுகளில் மட்டும் விரிப்பால் மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிடுகிறார்கள்.

ஆட்டக்காரர்களின் பங்கும் சிறிதல்ல. உறைபனி படிந்த புல்லின்மேல் நடந்தால் இலையின் உயிரணுக்கள் நொறுங்கிக் காலடித் தடமெல்லாம் கருகிவிடும். காலை ஆட்டத்தைத் தாமதப்படுத்துவதும், நவம்பரில் கிரீனை மூடி, ஃபேர்வே எனப்படும் நடுப்புல்தரையில் தற்காலிகக் குழி வைப்பதும் இதனால்தான். நிர்வாகம் இதில் தளர்ந்துவிடக் கூடாது.

பிப்ரவரியில் மைதான மேலாளர் கிரீனிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து, அறைக்குள் வெளிச்சத்தில் வைத்து நீர் ஊற்றிப் பார்ப்பார். ஓரிரு வாரத்தில் அது பச்சை விடாவிட்டால், வசந்தத்துக்கான விதையை அப்போதே வாங்கிவைக்க வேண்டும்.