மின்கடத்தாக் குளிர்திரவத்தின் வரலாறு

யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றான மண்டைதீவில், சுண்ணாம்புப் பாறையினுள் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையையே கிணறுகள் நம்பியிருப்பதால், மழை பொய்த்தாலோ மிகையாக இறைத்தாலோ நீர் உவர்த்துவிடும்; அவ்வுவர்ப்பைத் தரும் அயனிகளே, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களே, நீரில் மின்சாரத்தைக் கடத்துகின்றன. கடல்நீரின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமன்ஸ். அயனி நீக்கிய மிகத் தூய நீருக்கோ 0.055 மட்டுமே. மின்சாதனங்களைக் குளிர்விக்க மின்கடத்தாத் திரவமே வேண்டும் என்பதால், மின்மாற்றிகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கனிம எண்ணெய் வந்துவிட்டது. 1985இல் வெளிவந்த கிறே-2 மீக்கணினியின் சுற்றட்டைகள், புளோரினேர்ட் எனும் புளோரின் சேர்மத் திரவத்துள் அமிழ்த்தப்பட்டன. கசிந்தாலும் சுற்றுகளைக் கெடுக்காத அத்திரவம் விலைமிக்கது. நீரளவுக்கு வெப்பத்தை ஏந்தவும் வல்லதன்று. நீரால் குளிர்விக்கப்படும் இன்றைய மேசைக்கணினிகளில் ஊற்றப்படும் தூய நீரும், குழாய்வழியே செம்பையும் நிக்கலையும் தொட்டுச் சுழல்கையில் அயனிகளை ஏற்று, காலப்போக்கில் கடத்தியாகிவிடுகிறது. ஆகவே ‘மின்கடத்தாதது’ எனக் குளிர்திரவப் போத்தலில் ஒட்டிய உறுதிமொழியை நம்பிக் கசிவுச் சோதனையைக் கைவிடுவது பேதைமை.