உள்ளங்கைக் கோடும் ஒரு தாயின் கேள்வியும்

மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், தன் மகனின் உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினார்.

"தம்பி, இவன் வயித்தில இருக்கேக்க நாங்கள் பங்கருக்குள்ளதான் கிடந்தனாங்கள். செல்லுக்கு நான் பயந்ததாலதான் இவன் இப்பிடிப் பிறந்தவனோ?"

அவனுக்கு டவுன் சின்ட்ரோம். பெரும்பாலானோரின் உள்ளங்கையில் குறுக்காக இரண்டு கோடுகள் ஓடும். அவனுக்கு ஒன்றுதான்.

இந்நிலையை 1866 இல் விவரித்தவர் ஆங்கிலேய மருத்துவர் லாங்டன் டவுன். காரணம் 1959 இல்தான் வெளியானது. வழமையான 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக இப்பிள்ளைகளில் 47 இருக்கும். 21 ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். பெரும்பாலும் தாயின் முட்டை உருவாகும்போதே, அதாவது கரு தங்கும் முன்னரே, இது நடந்துவிடுகிறது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். ஆனால் இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிள்ளை பிறக்கலாம். பயமோ, பட்டினியோ, இடப்பெயர்வோ இதற்குக் காரணமல்ல.

பிறந்தவுடன் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. தட்டையான முகம், வெளிப்புறம் மேல்நோக்கிச் சரிந்த கண்கள், சிறிய காதுகள், தளர்ந்த தசைகள், குட்டையான அகன்ற கை, உள்நோக்கி வளைந்த சின்னவிரல், கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் அகன்ற இடைவெளி என்பன அவை. ஏறத்தாழ அரைவாசிப் பிள்ளைகளுக்கே ஒற்றைக் கோடு இருக்கும். எந்தக் குறையுமில்லாத நூறு பேரை எடுத்தாலும் ஓரிருவருக்கு அது இருக்கலாம். கர்ப்பத்தின் மூன்றாம் மாதமளவில் உருவாகும் அந்தக் கோட்டை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. குருதியில் செய்யும் நிறமூர்த்தப் பரிசோதனையே உறுதிப்படுத்தும். மிகச் சிலரில் இது பெற்றோர் வழியாகவும் வரலாம் என்பதால், அடுத்த பிள்ளையை எதிர்பார்ப்போருக்கும் அந்தப் பரிசோதனை முடிவு உதவும்.

கைரேகையைவிட முக்கியமானது இதயம். இப்பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், பிறந்ததும் எக்கோ பரிசோதனை செய்விக்க வேண்டும். தைரொயிட், செவிப்புலன், பார்வை என்பவற்றையும் காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு வேளைக்குத் தொடங்குகின்றனவோ அவ்வளவுக்குப் பிள்ளை முன்னேறும்.

இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். அந்தத் தாய் ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்டார்.

"அப்ப என்ர பிழை இல்லையோ?"

"இல்லை அக்கா. நீங்கள் பங்கருக்குள் இறங்குவதற்கு முன்னமே அது நடந்து முடிந்துவிட்டது."